ஆனா ஒண்ணுங்க

மருந்துப் பெட்டியை ஒரு கையால் நீட்டிக்கொண்டே, "இது அவ்வளவாக் கேக்காதுங்க" என்று சொல்லும் மெடிக்கல் ரெப்பை நீங்கள் யாராவது பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. தொண்ணூறுகளில் பாதிக்கு மேல் அந்த மனுஷனோடு மல்லுக்கட்டியே என் கடையில் பொழுது போயிற்று.

அப்போது சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரியில் மருந்துக்கடை வைத்திருந்தேன். எனக்கு வாய்தான் மூலதனம். தலைவலி என்று வருகிறவரிடம் மாத்திரையைக் கொடுக்கும்போதே, "கண்டிப்பாக் கேக்குமுங்க, தைரியமாப் போங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கொடுப்பேன். கடைப்படி இறங்குவதற்குள் பாதித் தலைவலி போய்விடும். இதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது. கேட்காது என்று சொல்லிக் கொடுப்பதற்கு ஒரு கடையும் அதற்கு ஒரு பெயர்ப்பலகையும் எதற்கு?

அவர் எனக்கு நேர் எதிர். வெள்ளைச் சட்டை, கழுத்தை நெரிக்கிற டை, ஓரம் தேய்ந்த தோல் பை. ஹெல்மெட்டைக் கழற்றினால் தலைமுடி ஒரு பக்கமாகப் படுத்துக் கிடக்கும். "ஏனுங்கண்ணா, சௌக்கியமுங்களா?" என்று கேட்டுவிட்டு, கடைக்கு வந்த வாடிக்கையாளர் எல்லோரும் போகும்வரை ஓரமாக நிற்பார். நடுவில் புகுந்து பேசமாட்டார். அவ்வளவு மரியாதைக்காரர். அந்த மரியாதையோடுதான் என் வியாபாரத்தைக் கெடுத்தார்.

அவருடைய கம்பெனி இருமல் மருந்தும் சத்து டானிக்கும் விற்றுக்கொண்டிருந்தது. அவற்றோடு புதிதாக ஓர் ஊசி மருந்து வந்து சேர்ந்தது. வயதானவர்களுக்கு மூளை நரம்பு தேய்ந்து, பெற்ற பிள்ளையின் முகமே மறந்துபோகிறதே, அந்த நோய்க்கு. மூளைக்குச் சாப்பாடு போடுகிற மருந்து என்று கம்பெனி அதை வானளாவப் புகழ்ந்தது. பளபளக்கும் அட்டையில் ஒரு மூளைப் படம் போட்டு, அதைச் சுற்றிச் சூரியன் உதிக்கிற மாதிரி வரைந்திருந்தார்கள். இந்த ஊசியைப் பற்றித்தான் அவர் எல்லோரிடமும் உண்மை பேசினார். இதே ஊசியை ஒருநாள் அவருடைய அப்பாவுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நாளைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

முதன்முதல் அந்த அட்டையை என் மேஜைமேல் விரித்தபோது, இது என்ன சரக்கு என்று கேட்டேன்.

"பெப்டைடுங்கண்ணா. புரதம்ங்கறது ஒரு முழு மாலைன்னு வெச்சுக்கங்க. அதுல அஞ்சாறு பூவை மட்டும் நாரோட கத்தரிச்சா ஒரு துண்டு வருமில்லீங்க, அதுதான் பெப்டைடு. மாலை பெருசு, மூளைக்குள்ள போகாது. துண்டு போகும்னு சொல்றாங்க. போயி, வாடுன நரம்பைத் தேத்தும்னு சொல்றாங்க."

"பிரமாதமா இருக்குதேய்யா!"

"ஆமாங்க. ஆனா ஒண்ணுங்க..."

வந்துவிட்டது. அவர் வாயில் இந்த 'ஆனா ஒண்ணுங்க' வந்தால், அடுத்து வருவது என் கல்லாவுக்கு ஆகாதது என்று அர்த்தம்.

"நோய் நிக்காதுங்கண்ணா. கொஞ்சப் பேருக்குக் கொஞ்ச நாள் சித்த தெளிவா இருக்கும். நிறையப் பேருக்கு அதுவும் இருக்காது. வெல நம்மாளுங்களுக்குத் தாங்காது."

"இதை நீ டாக்டர்கிட்டயும் சொல்லுவியா?"

"சொல்லிப்போட்டுத்தானுங்க வாரேன்."

உண்மைதான். பீளமேட்டில் ஒரு நரம்பு டாக்டர் இருந்தார். அவரிடம் ஒருநாள் இவருடைய ஏரியா மேனேஜரும் கூடவே போயிருக்கிறார். மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இவர் அட்டையைப் பிரித்து மனப்பாடம் செய்ததை எல்லாம் தங்குதடையில்லாமல் ஒப்பித்து, முடிவில் மெதுவாக, "ஆனா ஒண்ணுங்க டாக்டர்" என்றிருக்கிறார். மேஜைக்கு அடியில் மேனேஜர் இவர் காலை மிதித்த மிதியில் ஷூ நசுங்கிவிட்டது. நசுங்கின ஷூவோடு வந்து என்னிடம் காட்டினார். வலித்ததா என்றால், "வலிச்சுதுங்க, ஆனா அதுக்குள்ள சொல்லி முடிச்சுட்டனுங்க" என்கிறார். இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வீர்கள்?

கம்பெனி ஏன் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை என்று நான் யோசித்ததுண்டு. காரணம் பிறகுதான் புரிந்தது. இந்த ஆள் இருமல் மருந்தை நல்லது என்று சொன்னால் டாக்டர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்கள். இது கேட்காது என்று சொன்ன அதே வாய்தானே இது கேட்கும் என்கிறது! அவர் ஏரியாவில் டானிக்கும் இருமல் மருந்தும் பிய்த்துக்கொண்டு போயின.

"அட கெட்டிக்காரா! இதுவும் ஒரு வியாபாரத் தந்திரந்தானா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

முகம் சுருங்கிப்போயிற்று. "தந்திரமில்லீங்கண்ணா. நானும் சும்மா இருக்கோணும்னுதான் போறனுங்க. வாய் நிக்க மாட்டீங்குதுங்க" என்றார். அன்றைக்கு டீயைக்கூட முழுதாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

வாய் நிற்காதது மருந்து விஷயத்தில் மட்டும் இல்லை. பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். பஜ்ஜி, காப்பி எல்லாம் ஆகி, பெரியவர்கள் தட்டு மாற்றும் நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். இவர் எழுந்து நின்று, "ஆனா ஒண்ணுங்க, எனக்குக் குறட்டை பலமா வருமுங்க. ஊட்டுல யாரும் பக்கத்துல படுக்க மாட்டாங்க" என்றிருக்கிறார். பெண்ணின் மாமன்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். அப்போது அந்தப் பெண்ணே, "எனக்கும் ஒண்ணு சொல்லோணுமுங்க. இந்தப் பக்கக் காது கொஞ்சம் மந்தமுங்க" என்று சொல்லியிருக்கிறது. கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. நல்ல காதைத் தலையணையில் வைத்துப் படுத்துக்கொண்டால் குறட்டை கேட்பதில்லையாம். அந்த அம்மணி என் மனைவியிடம் சொல்லிச் சிரித்ததை நானே கேட்டேன்.

கோட்டைமேட்டு பாய் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவர் பூட்டு சாவிக் கடை வைத்திருந்தவர். என் கடையின் பழைய வாடிக்கையாளர். அவருடைய அம்மாவுக்கு இந்த மறதி நோய். இருக்கிற வீட்டிலேயே இருந்துகொண்டு, என்னை என் வீட்டுக்குக் கூட்டிப் போ என்று அந்த அம்மா அழுகிறார்கள். டாக்டர் இந்த ஊசியை எழுதியிருந்தார். பாய் சீட்டை நீட்டுகிறார், நான் பெட்டியை எடுத்து வைக்கிறேன், என் வழக்கமான வார்த்தையைச் சொல்ல வாயைத் திறக்கிறேன். ஓரமாக நின்றுகொண்டிருந்த நம்ம ஆள் ஓர் அடி முன்னால் வந்தார்.

"பாய், ஆனா ஒண்ணுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. இது பன்னியோட மூளையிலிருந்து எடுக்கிற மருந்துங்க."

பாயின் கை பெட்டிக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, அட்டையில் சூரியன் வரைந்தவனும் சொல்லவில்லை. இவருக்கு மட்டும் என்ன வந்தது?

பாய் கோபப்படவில்லை. "நல்ல வேளை சொன்னீங்க தம்பி. எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டுட்டு வந்துடறேன்" என்று போனார். மறுநாள் காலை வந்தார். நம்ம ஆளையும் வரச் சொல்லியிருந்தார். "ஹஜ்ரத் சொன்னாரு: வேற மருந்தே இல்லை, இதுல கண்டிப்பாக் குணமாகும்னு தெரிஞ்சவங்க சொன்னா, நிர்ப்பந்தத்துக்குப் போட்டுக்கலாமாம். அதனால அந்தத் தம்பியவே கேட்டுட்டு வான்னாரு. சொல்லுங்க தம்பி, எங்கம்மாவுக்குக் கண்டிப்பாக் குணமாகுமா?"

நான் கண்ணால் ஜாடை காட்டினேன், தொண்டையைச் செருமினேன், தண்ணீர்ச் சொம்பைச் சத்தமாக வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"ஆகாதுங்க பாய்" என்றார்.

பாய் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டார். "வேற யாரா இருந்தாலும் ஆகும்னுதான் சொல்லியிருப்பாங்க, நானும் போட்டிருப்பேன் தம்பி. அப்புறம் தெரிஞ்சிருந்தா எங்கம்மா மூஞ்சிய எப்படிப் பாக்கறது?" என்றார். கடையில் கிடந்த உதவாத சாவிகளை ஒரு கொத்தாகக் கோத்து அம்மாவின் கையில் கொடுத்ததாகவும், வீட்டுச் சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்று அந்த அம்மா ஓரளவு அமைதியானதாகவும் பின்னால் சொன்னார். அந்த வருடத்திலிருந்து நோன்பு மாசம் வந்தால் ஒரு தூக்குப்போசி நிறைய நோன்புக் கஞ்சி என் கடைக்கு வரும். "தம்பிக்கு" என்று சொல்லித்தான் வரும். வியாபாரம் போனது எனக்கு, கஞ்சி அவருக்கு!

சரி, இவ்வளவு நல்லவராக இருக்கிறாரே என்று நீங்கள் உருகிவிட வேண்டாம். அவரை அடித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றிய நாளும் உண்டு.

சூலூர்ப் பக்கம் தோட்டத்துக்கார அம்மா ஒருவர். வீட்டுக்காரருக்கு இதே நோய். அவரிடமும் நம்ம ஆள் 'ஆனா ஒண்ணுங்க' பாடிவிட்டார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னது புரிஞ்சுதுங்க தம்பி. இருந்தாலும் போட்டுப் பாக்கோணும். போடாம விட்டுட்டா நான் எப்படித் தூங்கறது, சொல்லுங்க? நம்பிக்கையை நான் ஊட்டுலிருந்தே கொண்டாந்திருக்கறேன். நீங்க மருந்தை மட்டும் குடுங்க" என்றார். அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடலாம் என்றிருந்தது எனக்கு.

நர்ஸ் வீட்டுக்கே வந்து தினமும் டிரிப்பில் ஏற்றினார். சில வாரம் கழித்து ஒரு காலையில் அந்த அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மோட்டார் போட்டாச்சான்னு கேட்டாருங்க! எந்திரிச்சு உக்காந்து, தென்னைக்குத் தண்ணி பாயுதான்னு கேட்டாருங்க! ரெண்டு வருசமாச்சு, அவரு தோட்டத்தைப் பத்திப் பேசி!" எனக்கே கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் நம்ம ஆள் ஓரமாக நிற்கிறார். வேண்டாம் என்று நான் கையைக் காட்டுவதற்குள் சொல்லிவிட்டார்.

"ரொம்ப சந்தோசமுங்கம்மா. ஆனா ஒண்ணுங்க. இந்த மாதிரி நல்ல நாளு மருந்து போடாமயும் வருமுங்க. மருந்துனாலதான்னு நெனச்சுப்போடாதீங்க."

அந்த அம்மாவின் சிரிப்பு அப்படியே வற்றிப்போனதை நான் பார்த்தேன். அவர் போனதும் கொட்டித் தீர்த்துவிட்டேன். "ஏய்யா, உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தம்மா சந்தோசமா இருந்துட்டுப் போனா உன் சொத்து குறைஞ்சிடுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "நாளைக்கு அவரு மறுபடியும் பேசலீன்னா, இன்னொரு கோர்ஸ் போட்டா பேசுவாருன்னு அந்தம்மா தோட்டத்தை வித்தாவது போடுமுங்கண்ணா. என்ற அப்பா அந்தியூர்ச் சந்தையில மாட்டுத் தரகருங்க. அவரு வாயத் தொறந்தாப் போதும், கெழட்டு மாடும் கன்னுக்குட்டியாத் தெரியும். சுழி சுத்தமுங்க, சாதுவானதுங்க, நம்பிப் புடிச்சுட்டுப் போங்கம்பாரு. ஒருத்தர் நம்பிப் புடிச்சுட்டுப் போயி, ஏருல பூட்டுன அன்னிக்கே மாடு படுத்துக்கிச்சுங்க. அந்தாளு எங்க ஊட்டு வாசல்ல வந்து ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தாருங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லீங்க. அன்னையிலிருந்து எனக்கு அந்த வார்த்தையே ஆகாதுங்கண்ணா."

"எந்த வார்த்தை?"

"நம்பிப் புடிச்சுட்டுப் போங்க."

அவருக்கு அப்பாவோடு அதிகம் பேச்சு இருக்கவில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நல்லது கெட்டதுக்குப் போய்வருவாராம். நறுக்கென்று நாலு வார்த்தை பேசிவிட்டு பஸ் ஏறிவிடுவாராம். தரகர் பிள்ளை என்று ஊரில் யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் இருக்கும். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு முற்பகல். கடை வாசலில் ஆட்டோ நின்றது. அவர் இறங்கினார். டை இல்லை, பையும் இல்லை. கையைப் பிடித்து ஒரு பெரியவரை இறக்கினார். வெள்ளை வேட்டி, தோளில் சிவப்புக் கரை போட்ட துண்டு, முறுக்கிவிட்ட மீசை. பார்த்தால் ஆரோக்கியமான மனிதர். கண்ணைப் பார்த்தால்தான் தெரியும், எதன்மேலும் நிற்கவில்லை.

"என்ற அப்பாங்கண்ணா" என்றார்.

அந்தியூரில் சந்தைக்குப் போன மனிதர், திரும்பி வர வழி தெரியாமல் வேறெங்கோ போய்விட்டாராம். ஒருநாள் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்துக் கோயமுத்தூருக்குக் கூட்டி வந்திருக்கிறார். பெரியவருக்கு மகனையே அடையாளம் தெரியவில்லை. பீளமேட்டு டாக்டர் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதியிருந்தார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். அதே ஊசி.

"இதை நீ கம்பெனியிலேயே வாங்கியிருக்கலாமே தம்பி" என்றேன். அதற்கு அவர், "இல்லீங்கண்ணா. சீட்டைக் குடுத்து ஒருத்தர்கிட்ட வாங்கோணும்போல இருந்துச்சுங்க" என்றார்.

பெரியவர் இதற்குள் என் மேஜையருகே வந்து என்னை உற்றுப் பார்த்தார். சட்டென்று கை நீட்டி என் தாடையைப் பிடித்தார். "பல்லைக் காட்டுங்க" என்றார். நான் திகைத்துப்போனேன். சந்தையில் மாட்டுக்கு வயது பார்க்கிற பார்வை அது. சரி என்று ஈயென்று காட்டினேன். விரலால் உதட்டை விலக்கி நிதானமாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் மொளச்சுத் தேஞ்சுபோச்சுங்க. இனி ஏருக்கு ஆகாது" என்றார். மூவருமே சிரித்துவிட்டோம். நம்ம ஆள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கே அது சிரிப்பு!

பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. அட்டைமேல் இருந்த அந்தச் சூரியனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, இது கேக்குமுங்களா?"

என்ன கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். எல்லோருக்கும் நான் கொடுக்கிற அந்த ஒரு வார்த்தையைத் தனக்கும் கொடுக்கச் சொல்கிறார். எத்தனை பேருக்கு வாரி வழங்கியிருக்கிறேன்! சளிக்கும் இருமலுக்கும் சொன்ன வாய். இப்போது திறந்தேன், சத்தம் வரவில்லை. அவர் சொல்லிச் சொல்லி என் காதில் ஏறியிருந்ததெல்லாம் குறுக்கே வந்து நின்றது. அவரிடம் போய் நான் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல்தான் எப்படி இருப்பேன்? பாவி, என் தொழிலையே கெடுத்துவிட்டாயே என்று மனசுக்குள் திட்டினேன். அவரோ பதிலுக்குக் காத்துக்கொண்டே நின்றார்.

அந்த அமைதியைப் பெரியவரால் தாங்க முடியவில்லை. வாங்குகிறவன் தயங்கி நிற்கிறான், விற்கிறவன் வாயடைத்து நிற்கிறான். எந்தத் தரகருக்குத்தான் பொறுக்கும்? துண்டை உதறித் தோளில் போட்டார். முதுகு நிமிர்ந்தது. அலைந்துகொண்டிருந்த கண் வந்து மகனின் முகத்தில் நின்றது. மருந்துப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, சந்தையில் புதிதாகப் பார்த்த ஆளிடம் பேசுகிற மரியாதையோடு மகனிடம் பேச ஆரம்பித்தார்.

"ஏனுங்க இவ்வளவு ரோசனை? நான் பாக்காத உருப்படிங்களா? சுழி சுத்தமுங்க. சாதுவானதுங்க. கொழந்தகூடக் கயித்தப் புடிச்சுக்கிட்டுப் போலாமுங்க. உங்க ஊட்டுக்குன்னே வந்திருக்குதுங்க. என்ற கை ராசியான கைங்க. நம்பிப் புடிச்சுட்டுப் போங்க."

மாட்டை விற்றதும் கயிற்றை வாங்குகிறவர் கையில் ஒப்படைக்கிற மாதிரி, பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார்.

நான் மகனின் முகத்தைப் பார்த்தேன். உதடு அசைந்தது. எனக்குப் பழக்கமான அந்த அசைவுதான். வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

வரவில்லை. இரண்டு கையையும் நீட்டி, குனிந்து அதை வாங்கிக்கொண்டார். "சரிங்க" என்றார்.